நாம் மேடையில் பார்க்காத அவ்வை சண்முகம்

கோபாலபுரத்தான் எழுதியது:

போன வாரம் அக்கா மகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வரும்போது ராயப்பேட்டைப் பக்கம் சிக்னலில் நின்றோம். அவள் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு, "மாமா, சாலைக்கு ஏன் சினிமாப் பெயர் வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டாள். பலகையில் இருந்தது அவ்வை சண்முகம் சாலை. பழைய ஆட்கள் இன்னும் லாயிட்ஸ் ரோடு என்றுதான் சொல்வார்கள். அவள் மனதில் வந்தது 1996-ல் வந்த கமல் படம் 'அவ்வை சண்முகி'. அந்தச் சாலைக்குப் பெயர் தந்த நாடக நடிகரைப் பற்றி வீடு வரும்வரை அவளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். சொல்லச் சொல்ல எனக்கே ஆசை தீரவில்லை. அதனால்தான் இந்த இழை.

தி. க. சண்முகம் 1912-ல் திருவனந்தபுரத்தில் பிறந்தார். அப்பா கண்ணுசாமிப் பிள்ளை ஸ்திரீபார்ட் நடிகர், அதாவது பெண் வேடம் போடுபவர். 1918-ல், ஆறு வயதில், மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளின் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் அண்ணன்மாரோடு சேர்ந்தார். 1925-ல் சகோதரர்கள் சொந்தமாக ஸ்ரீ பால சண்முகானந்த சபாவைத் தொடங்கினார்கள். அதைத்தான் பிறகு ஊர் முழுக்க டி.கே.எஸ். சகோதரர்கள் என்று அழைத்தது. சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி என்று நால்வர். 1973-ல் சண்முகம் காலமானார். இடையில் 1962-ல் சங்கீத நாடக அகாடமி விருது, 1971-ல் பத்மஸ்ரீ. இவ்வளவும் எங்கும் கிடைக்கும் தகவல்.

என்னை உலுக்குவது அவர் போட்ட வேடங்களின் வரிசை. சின்னப் பையனாக அபிமன்யு. பம்மல் சம்பந்த முதலியாரின் மனோகரன். கவிஞன் பில்ஹணன். முப்பது வயதில் பல் போன கிழவி, அவ்வையார். நாற்பதைத் தாண்டியதும் ராஜராஜ சோழன். சிறுவன், வீரன், காதலன், பாட்டி, பேரரசன். இத்தனைக்கும் ஒரே உடம்பு, ஒரே குரல். குளோசப் கிடையாது, இரண்டாம் டேக் கிடையாது. கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கும் எல்லாம் போய்ச் சேர வேண்டும்.

பன்முக நடிகர் என்று சொன்னால் வேஷத்தை மாற்றிக்கொண்டே இருப்பவர் என்று நினைத்துவிடுகிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வீச்சு அவருக்குக் கம்பெனி வாழ்க்கை கொடுத்தது. ஒரே குழுவில் பிள்ளையாக நுழைந்து, வாத்தியாராக, முதலாளியாக, வயதானவராக வளர்ந்தவர். ஒவ்வொரு வயதிலும் அந்த வயதுக்கு உரிய வேடம் அவருக்காகக் காத்திருந்தது. இதை மற்றவர்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்? வீட்டில் பெரியவர்கள் யாராவது பார்த்திருந்தால் அவசியம் எழுதுங்கள்.


நாஞ்சில் காற்று எழுதியது:

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்தச் சகோதரர்கள் பாதி சொந்தம். நாகர்கோவிலில் பழைய ஆட்களிடம் பேசினால் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், அதாவது என்.எஸ்.கே. பெயரையும் இவர்கள் பெயரையும் சேர்த்தேதான் சொல்வார்கள். கலைவாணர் வளர்ந்ததே இந்தக் கம்பெனியில்தானே.

என் தாத்தா நாடகப் பைத்தியம். சாப்பாட்டை முடித்துக்கொண்டு மூன்று மைல் நடந்து போய், விடியும்போது திரும்பி வந்து, அப்படியே வயலுக்குப் போய்விடுவாராம். அவர் சண்முகத்தைப் பற்றிச் சொன்னதில் எனக்கு நினைவிருப்பது ஒன்றே ஒன்றுதான்: "அவன் பேசினா ஒரு எழுத்து கீழே விழாது." வேஷத்தைப் பற்றியோ நகை, படுதா பற்றியோ அவர் எதுவும் சொன்னதில்லை. எழுத்தைத்தான் சொன்னார். தாத்தா படிக்காதவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அப்பா ஸ்திரீபார்ட் என்று நீங்கள் எழுதியதை இன்னும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த வீட்டில் ஒரு ஆண் புடவை கட்டிக்கொண்டு சம்பாதித்து வருவது குழந்தைகளுக்கு வெட்கமான காரியமாக இருந்திருக்காது, தொழிலாகவே பட்டிருக்கும். பின்னாளில் அவ்வையாராக நிற்கும் துணிச்சல் அங்கிருந்து வந்தது என்றுதான் நினைக்கிறேன்.


சுதிப்பெட்டி எழுதியது:

நான் மதுரைப் பக்கம் ஸ்பெஷல் நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசிக்கிறவன். பங்குனி, சித்திரை வந்துவிட்டால் ராத்திரித் தூக்கம் கிடையாது. வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் என்று இன்றைக்கும் நாங்கள் ஊர்த்திருவிழாவில் போடுவது சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிக்கொடுத்ததைத்தான். சுவாமிகள் 1922-ல் புதுச்சேரியில் காலமானார். அவர் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்தப் பாட்டு மட்டும் போகவில்லை. அதனால் சண்முகம் ஐயாவைப் பற்றி யாராவது பேசினால் எனக்குக் குடும்பத்துப் பெரியவரைப் பற்றிப் பேசுவது போல இருக்கும்.

பையன்களை வைத்தே நாடகம் போடும் பாய்ஸ் கம்பெனியில் பயிற்சி என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பையன்கள் கம்பெனி வீட்டிலேயே தங்க வேண்டும். காலையில் பாட்டு, பிறகு வசனப் பாடம், மாலையில் ஒத்திகை. இரவு நாடகம் இருந்தால் விடியும்வரை வேலை. வாத்தியார் வசனத்தைச் சொல்ல, பையன் திருப்பிச் சொல்ல வேண்டும். பொருள் புரிகிறதா என்று அப்புறம்தான் பார்ப்பார்கள், முதலில் நாக்கு பழக வேண்டும். தன் பாடம் மட்டும் தெரிந்தால் போதாது. எதிரே நிற்பவன் பாடமும் தெரிந்திருக்க வேண்டும். ஒருத்தனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டால் அடுத்தவன் அன்றைக்கே அந்த வேடத்தைப் போடுவான். இன்று நாரதர், நாளை தோழி, மறுநாள் சேவகன். கோபாலபுரத்தார் கேட்ட பல வேடத் திறமைக்கு இதுவே அடித்தளம். எல்லா வேடமும் காதில் கிடக்கும், கூப்பிட்டால் வரும்.

அபிமன்யு சுந்தரி நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று சண்முகம் ஐயா 'எனது நாடக வாழ்க்கை'யில் எழுதியிருக்கிறார். பாட்டு, வசனம், விருத்தம் எல்லாமே. அதில் அபிமன்யு வேடம் இவருக்கு. ஒரு சிறுவனின் தொண்டை எவ்வளவு தாங்கும், எங்கே மூச்சு எடுப்பான் என்பது தெரிந்த ஒருவர் அவனுக்காகவே அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அந்த நாடகம். அந்தப் பாக்கியம் எத்தனை நடிகர்களுக்குக் கிடைத்திருக்கும்?

அடுத்தது மகரக்கட்டு. பதின்மூன்று, பதினான்கு வயதில் பையன்களுக்குக் குரல் உடையும் அல்லவா, அதைத்தான் நாடகக்காரர்கள் அப்படிச் சொல்வோம். பாய்ஸ் கம்பெனியில் ஒரு பையனின் தலையெழுத்து மாறுவது அங்கேதான். நேற்றுவரை ராஜபார்ட்டாக, அதாவது கதாநாயகனாகப் பாடி ஒன்ஸ்மோர் வாங்கியவன் இன்று வாயைத் திறந்தால் காற்று வரும். பலர் அதோடு ஊருக்குத் திரும்பிப் போனார்கள். சிலர் படுதா இழுத்தார்கள். அதைத் தாண்டி நின்றவர்கள் பாட்டை விட்டு வசனத்தைப் பிடித்துக்கொண்டவர்கள். எழுத்து கீழே விழாது என்று நாஞ்சில் நண்பரின் தாத்தா சொன்னதைப் படித்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.


வரிக்கு வரி எழுதியது:

எல்லோரும் உருகி எழுதியிருக்கிறீர்கள். மரியாதையோடு சில கேள்விகள்.

முதலாவது, பாய்ஸ் கம்பெனியைப் பற்றி நாம் இனிமையாகப் பேசுகிறோம். ஆறு வயதுக் குழந்தையைப் பெற்றோர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு ஒப்படைக்கிறார்கள். ராத்திரி முழுக்க வேலை, பகலில் பாடம், தவறினால் பிரம்படி. பள்ளிக்கூடம் கிடையாது. அந்தக் கூட்டத்திலிருந்து பேர் சொல்லும்படி வந்தவர்களை மட்டும் வைத்துக்கொண்டு பயிற்சியைப் புகழ்வது சரியா? குரல் உடைந்து ஊருக்குப் போன பையனின் வாழ்க்கை வரலாற்றை யாரும் எழுதவில்லையே.

இரண்டாவது, பார்க்காத நடிப்பை எப்படிப் புகழ்வது? நமக்கு இருப்பது அவரே எழுதிய நூல், விருதுகள், பெரியவர்களின் நினைவு. மூன்றுமே அவருக்குச் சாதகமான சாட்சிகள். அவர் நடித்த படங்களில் ஓரிரண்டு பார்த்திருக்கிறேன். வசனம் தெளிவாக இருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் கேமராவுக்கு முன்னாலும் அவர் கொட்டகையின் கடைசி வரிசைக்குப் பேசுகிறார் என்றே எனக்குப் பட்டது.

மூன்றாவது, பல வேடம் போடுவது அந்தக் காலத்துக் கம்பெனியில் எல்லோரும் செய்ததுதான் என்று சுதிப்பெட்டியே சொல்கிறார். அப்படியானால் சண்முகத்துக்கு மட்டும் அதில் என்ன தனிச்சிறப்பு?


கோபாலபுரத்தான் எழுதியது:

நல்ல கேள்விகள். முதல் கேள்விக்கு என்னிடம் மறுப்பு இல்லை. அந்தக் குழந்தைகள் பட்ட பாடு பெரும்பாடு. சண்முகமும் தன் நூலில் அதை மூடி மறைக்கவில்லை. கம்பெனி நொடித்துப்போய் ஊர் விட்டு ஊர் போக வழியில்லாமல் நின்றது, கடன், நோய், உடன் நடித்தவர்களின் இழப்பு எல்லாம் அதில் இருக்கின்றன. குரல் உடைந்து போன பையன்களைப் பற்றி யாராவது எழுதினால் முதலில் வாங்குபவன் நான்தான்.

இரண்டாவது கேள்விக்குக் கப்பலோட்டிய தமிழன் படத்தைப் பார்க்கச் சொல்வேன். 1961-ல் வந்தது. சண்முகம் அதில் சுப்பிரமணிய சிவா. முற்பகுதியில் அவர் மேடைப்பேச்சாளர். நீங்கள் சொல்லும் கடைசி வரிசைக் குரல் அங்கே முழுசாக இருக்கிறது, இருக்கவும் வேண்டும். சிவா கூட்டத்தைப் பேச்சால் கட்டிப்போட்டவர்தானே.

அப்புறம் சிறையிலிருந்து வ.உ.சி. வெளியே வரும் காட்சி. வரவேற்க ஊர் திரண்டு வரவில்லை. தொழுநோயோடு சிவா நிற்கிறார். அங்கே அதே மனிதரின் உடம்பு சுருங்கிப்போயிருக்கிறது. எதிரே சிவாஜி கணேசன் நிற்கிறார் என்பதையும் மறந்துவிடாதீர்கள். காட்சியைத் தன் பக்கம் இழுக்கச் சண்முகம் எதுவுமே செய்வதில்லை. இருந்தாலும் நம் கண் அவரைவிட்டு நகராது. பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். அவ்வையார் வேடத்தில் அவர் எப்படி நின்றிருப்பார் என்று அந்த ஒரு காட்சியை வைத்துத்தான் நான் ஊகித்துக்கொள்கிறேன். முதுமையும் நோயும் அவருக்கு அரிதாரத்தில் வரவில்லை, எலும்பிலிருந்து வருகின்றன.

மூன்றாவது கேள்விக்கு வேறு யாராவது பதில் சொன்னால் நல்லது. எனக்குப் பதில் தெரியும்போல் இருக்கிறது, வார்த்தைதான் பிடிபடவில்லை.


காவேரிக்கரை எழுதியது:

மூன்றாவது கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். ஒரு பெண்ணாக இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன்.

ஆண்கள் பெண் வேடம் போட்டதை எனக்கு முழு மனதோடு கொண்டாட முடிந்ததில்லை. பெண் நடிகைகளே இல்லாததால் ஆண்கள் போட்டார்கள் என்பதும் முழு உண்மை இல்லை. கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டும் வைத்துக் கம்பெனி நடத்தியவர், அதுவும் சண்முகம் மேடையேறுவதற்கு முன்பே. பெண்கள் இருந்தார்கள். மரியாதைதான் கிடைக்கவில்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் அவ்வையாருக்கு வர வேண்டும்.

ஸ்திரீபார்ட் என்றால் என்ன? மீசை முளைக்காத முகம், மெல்லிய குரல், நளினமான இடுப்பு. பெண்ணை அழகாகக் காட்டுவதே அங்கே வேலை. மகரக்கட்டு வந்தால் ஸ்திரீபார்ட் போய்விடும், ஏனென்றால் அதன் மூலதனமே இளமை. அவ்வையார் வேடத்தில் அந்த மூலதனம் எதுவும் உதவாது. கூன் விழுந்த கிழவி. அழகு இல்லை, காதல் இல்லை, சிருங்காரப் பாட்டு இல்லை. ஒரு பெண்ணை அவள் அறிவுக்காகவும் தமிழுக்காகவும் மட்டுமே மேடையின் நடுவில் நிறுத்தும் வேடம் அது. பி. எதிராஜுலு எழுதிய நாடகம். அப்போது கம்பெனியின் தலைமை நடிகர் சண்முகம்தான். ராஜா வேஷம் வேண்டுமென்றால் அவருக்குத்தான் முதலில். முப்பது வயதில், உடம்பில் வலு இருக்கும் காலத்தில், கிழவியைத் தேர்ந்தெடுத்தார்.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் சொல்லி வளர்ந்தவர்கள். ஒவ்வொருவர் மனதிலும் ஓர் அவ்வை ஏற்கெனவே இருக்கிறாள், பெரும்பாலும் அவரவர் பாட்டியின் சாயலில். அந்த நாற்காலியில் ஓர் ஆண் போய் உட்கார வேண்டும். ஒரு நிமிடம் யாராவது சிரித்துவிட்டால் நாடகமே போச்சு. சிரிக்கவில்லை. அதற்கு மேல் போய், மக்கள் அந்தப் பெயரை எடுத்து அவர் பெயருக்கு முன்னால் வைத்துவிட்டார்கள். ராஜபார்ட் நடிகர்களுக்கு ராஜா, சிங்கம், புலி என்றெல்லாம் பட்டம் கிடைத்த காலத்தில் இவருக்குக் கிடைத்தது ஒரு கிழவியின் பெயர். அதைக் கடைசிவரை பெருமையாகச் சுமந்தார்.

1953-ல் ஜெமினி அவ்வையார் படத்தை எடுத்தபோது கே.பி. சுந்தராம்பாள் நடித்தார். எனக்கு அந்தப் படம் உயிர். அந்தக் குரலுக்கு முன்னால் யாரும் நிற்க முடியாது. ஆனால் சுந்தராம்பாள் அவ்வையாகப் பாடுவதற்கு முன்பே, அவ்வையை மையமாக வைத்து ஒரு முழு இரவு தமிழ்க்கூட்டத்தை உட்கார வைக்கலாம் என்று நிரூபித்தது இந்த நாடகம்.

எல்லோரும் பல வேடம் போட்டார்கள் என்பது சரி. கம்பெனி கொடுத்ததைப் போட்டார்கள். சண்முகம் வேடத்தைத் தேடிப்போனவர். எனக்குத் தெரிந்த வித்தியாசம் அதுதான்.


பழைய நோட்டீஸ் எழுதியது:

நாடக நோட்டீஸ் சேகரிப்பவன் நான். காவேரிக்கரை சொன்ன 'தேடிப்போனவர்' என்ற சொல் எனக்கு ரொம்பப் பிடித்தது. அதைக் கொஞ்சம் நீட்டுகிறேன். அவர் வேடத்தை மட்டும் தேடவில்லை, நாடகத்தையே தேடினார்.

புராண நாடகத்தில் வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். எம். கந்தசாமி முதலியார் வாத்தியாராக வந்த பிறகு சமூக நாடகத்தின் பக்கம் திரும்பினார்கள். வடுவூர் துரைசாமி ஐயங்கார் நாவலிலிருந்து மேனகா. அது 1935-ல் படமாகவும் வந்தது, என்.எஸ்.கே.யும் அதில் இருக்கிறார். அண்ணன் முத்துசாமி வங்க நாவல் ஒன்றைத் தழுவி எழுதிய குமாஸ்தாவின் பெண் 1941-ல் படமானது. ஏழைக் குமாஸ்தா வீட்டில் பெண்ணுக்கு வரன் தேடுகிற கொடுமைதான் கதை. கிரீடமும் ஜரிகை உடுப்பும் போட்டுப் பழகிய நடிகர்கள் கசங்கிய வேட்டியில் நடுத்தர வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேச வேண்டும். பாட்டைக் குறைக்க வேண்டும், விருத்தத்தில் அழக்கூடாது, சாதாரணமாக அழ வேண்டும். ராஜபார்ட்டாகப் பழகியவனுக்கு இது கிழவி வேடத்தைவிடக் கஷ்டம் என்பது என் எண்ணம்.

வெ. சாமிநாத சர்மாவின் பாணபுரத்து வீரனை வெள்ளைக்கார அரசு தடை செய்திருந்தது. அதைத் தேசபக்தி என்று பெயர் மாற்றி மேடையேற்றினார்கள். கதையில் பாணபுரம் என்று ஒரு நாடு, அதை அடிமைப்படுத்திய இன்னொரு நாடு. எந்த நாடு எது என்று கொட்டகையில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும்.

அவர்கள் மேடையில் வெளிச்சத்துக்கு வந்த எழுத்தாளர்களைப் பாருங்கள். கு. சா. கிருஷ்ணமூர்த்தியின் அந்தமான் கைதி, ப. நீலகண்டனின் முள்ளில் ரோஜா, ஏ. எஸ். ஏ. சாமியின் பில்ஹணன், இளைஞராக இருந்த ஸ்ரீதரின் ரத்தபாசம், அரு. ராமநாதனின் ராஜராஜ சோழன். இதில் பாதிப் பேர் பிறகு தமிழ் சினிமாவை நடத்தினார்கள். நடிகர்களில் கே. ஆர். ராமசாமி, எஸ். வி. சகஸ்ரநாமம், எஸ். எஸ். ராஜேந்திரன், ஏ. பி. நாகராஜன் எல்லோரும் அந்தப் பந்தியில் சாப்பிட்டவர்கள். ஏ. பி. நாகராஜன் அங்கே பெண் வேடம் போட்ட பையன். பிற்பாடு அவரே ராஜராஜ சோழனைச் சினிமாஸ்கோப்பில் எடுத்தார். படம் 1973-ல் வந்தது. சண்முகம் இறந்ததும் அதே ஆண்டு, படம் வருவதற்குச் சற்று முன்னால். அதை நினைத்தால் எனக்கு எப்போதும் தொண்டை அடைக்கும்.

1944-ல் ஈரோட்டில் நாடகக் கலைக்கென்று ஒரு மாநாடு நடத்தினார்கள். நடிகர்கள் தங்கள் தொழிலைப் பற்றித் தாங்களே கூடிப் பேசியது அன்றைக்குச் சின்ன விஷயம் இல்லை. கூத்தாடி என்று வீடு கொடுக்க மறுத்த காலம் அது.


வரிக்கு வரி எழுதியது:

காவேரிக்கரையின் பதிலை இரண்டு முறை படித்தேன். தேர்ந்தெடுத்த வேடம், கொடுக்கப்பட்ட வேடம் என்ற வேறுபாட்டை நான் யோசித்திருக்கவில்லை. மூன்றாவது கேள்வியைத் திரும்பப் பெறுகிறேன். கப்பலோட்டிய தமிழனையும் நேற்று இரவு திரும்பப் பார்த்தேன். சிறை வாசல் காட்சியைப் பற்றிக் கோபாலபுரத்தான் சொன்னது சரி. முற்பகுதியைப் பற்றி என் கருத்து மாறவில்லை.

ஆனால் இன்னொன்று மனதை உறுத்துகிறது. இவ்வளவு பெரிய குழு, ஊர் ஊராகப் போகும் நிரந்தரக் கம்பெனியை 1950 வாக்கில் நிறுத்திவிட்டது. பிறகு சென்னையில் இருந்தபடி நாடகம் போட்டார்கள். வளர்த்துவிட்ட பிள்ளைகளெல்லாம் சினிமாவுக்குப் போய்விட்டார்கள். அவரும் படங்களில் நடித்தார், ஆனால் சினிமாவில் பெரிய இடம் பிடிக்கவில்லை. அது அவருக்குத் தோல்வியாகப் பட்டிருக்குமா?


பழைய நோட்டீஸ் எழுதியது:

அவர் மனதில் என்ன இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். செய்ததை மட்டும் சொல்கிறேன். கம்பெனி நின்ற பிறகுதான் 1955-ல் ராஜராஜ சோழன் வந்தது. ஓய்ந்துபோன ஆள் போடுகிற நாடகம் இல்லை அது. மகள் குந்தவை வேங்கி நாட்டு விமலாதித்தனை விரும்புகிறாள். அரசனாக முடிவெடுப்பதா, அப்பாவாக முடிவெடுப்பதா என்று ஒரு பேரரசன் தவிக்கிறான். தஞ்சைக் கோயிலைக் கட்டியவன் வீட்டுக்குள் தடுமாறுவதைக் காட்ட நாற்பது வயதும் சொந்த அனுபவமும் வேண்டும். ம.பொ.சி.யோடு தமிழரசுக் கழகத்தில் இருந்தவர் என்பதால் சோழன் வேடம் அவருக்கு வெறும் வேடமாகவும் இருந்திருக்காது.


பரமக்குடி எழுதியது:

ஒருவரும் இன்னும் விரிவாகச் சொல்லவில்லை என்பதால் சொல்கிறேன். கமல்ஹாசன் குழந்தை நட்சத்திரமாக ஒரு சுற்று வந்த பிறகு டி.கே.எஸ். நாடக சபாவில்தான் போய்ச் சேர்ந்தார். சண்முகம் அண்ணாச்சியைத் தன் குரு என்று இன்றுவரை மேடையில் சொல்கிறார். மாமி வேடம் போட்ட படத்துக்குச் சண்முகி என்று பெயர் வைத்தது அந்தக் கடனுக்குத்தான். கோபாலபுரத்தாரின் அக்கா மகள் தலைகீழாகப் புரிந்துகொண்டாலும், சரியான கயிற்றைத்தான் பிடித்திருக்கிறாள்.


கோபாலபுரத்தான் எழுதியது:

அவளிடம் இதைப் படித்துக் காட்டினேன். "அப்போ சாலைதான் முதலில், படம் அப்புறமா?" என்றாள். "இல்லை, மனிதர் முதலில்" என்றேன். இப்போது 'எனது நாடக வாழ்க்கை'யை இரவில் நான் வாசிக்க அவள் கேட்கிறாள். ஆறு வயதில் கம்பெனியில் சேர்ந்தார் என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டாள். மறுநாள் அவளே தொடரச் சொன்னாள். வரிக்கு வரி கேட்ட முதல் கேள்வி அவளுக்கும் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.


சுதிப்பெட்டி எழுதியது:

நான்கு நாளாக இந்தப் பக்கம் வர முடியவில்லை. சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்தில் வள்ளி திருமணம். நாரதர் வேடத்துக்கு ஒரு பையன் வந்திருந்தான், பதினைந்து வயது இருக்கும். அப்பாவும் நடிகர். நாடக நடிகர் சங்கத்தில் பதிந்து இதுதான் அவனுக்கு முதல் சீசன்.

வரும்போதே தொண்டையைச் செருமிக்கொண்டே வந்தான். ஐந்து கட்டையில் தொடங்கலாம் என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. முதல் பாட்டில் மேல் சட்ஜமத்துக்குப் போகும்போது குரல் கிழிந்தது. கூட்டத்தில் பின்னால் இருந்த இளவட்டங்கள் விசில் அடித்தார்கள். பையன் முகத்தில் அரிதாரத்தை மீறி வியர்வை. நான் சுதியை ஒன்றரைக் கட்டை இறக்கிப் பிடித்தேன். மிருதங்கக்காரர் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுத் தாளத்தை விட்டுக்கொடுத்தார். எப்படியோ கரையேறினான். அடுத்து வேலனோடு தர்க்கம். அதில் பாட்டு குறைவு, பேச்சு அதிகம். அங்கே பையன் நின்றான். ஒவ்வொரு சொல்லும் வயக்காட்டைத் தாண்டிப் போனது. விசில் அடித்தவர்களே கைதட்டினார்கள்.

விடிகாலை வேன் வருவதற்காகப் பள்ளிக்கூடத் திண்ணையில் காத்திருந்தோம். தேங்காய் எண்ணெய் தடவி அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டே, "அண்ணே, குரல் இப்படியே போய்விடுமா?" என்று கேட்டான். மகரக்கட்டு எல்லோருக்கும் வருவது, கொஞ்ச மாதத்தில் புதுக்குரல் கீழே இறங்கி உட்காரும், அதுவரை கத்தாதே என்றேன். சுவாமிகள் கம்பெனியில் உன்னைவிடச் சின்னப் பையனாக ஒருவர் அபிமன்யுவாகப் பாடினார், வளர்ந்ததும் அவ்வையாராக நின்றார் என்று இந்த இழையில் பேசியதையெல்லாம் சொன்னேன். வேன் வந்தது. ஏறி உட்கார்ந்த பிறகும் பையன் யோசித்துக்கொண்டே இருந்தான். மானாமதுரை தாண்டும்போது கேட்டான்:

"அந்த அவ்வையார் நாடகத்துப் பாடம் எங்கேயாவது கிடைக்குமா அண்ணே?"

பழைய நோட்டீஸ் ஐயா, உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள். நகல் எடுக்கிற செலவை நான் தருகிறேன்.